சாட்ஸ்வர்த் வீட்டில் ஒரு குறட்டை: லாரி ஓட்டும் கணவரும் காவலிருந்த மனைவியும் – நிகழ்வு ஆய்வு

இங்கே சொல்லப்படும் தம்பதி நிஜத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்காரர்கள் அல்லர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரக்கூடிய நிலைமைகளை ஒரு வீட்டுக்குள் வைத்துத் தொகுத்திருக்கிறோம். உடல் அளவுகளும் பரிசோதனை எண்களும், தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடை நோயில் (ஸ்லீப் ஆப்னியா) வழக்கமாக வரும் எல்லைக்குள் அமைக்கப்பட்டவை.

கணவருக்கு வயது 54. டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி, என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகும் லாரியின் ஓட்டுநர். உயரம் 172 செ.மீ., எடை 101 கிலோ, கழுத்துச் சுற்றளவு 44 செ.மீ. பிரஷருக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் காலையில் 150/95க்குக் குறைவதில்லை. சுகருக்கு மெட்ஃபார்மின். இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருப்பார்; அது சுகரால் என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மனைவிக்கு வயது 50, பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். 1960களில் நகராட்சி கட்டிய கவுன்சில் வீடு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், இரண்டே படுக்கையறை. மற்ற அறையில் மகனும் மருமகளும். ‘தனி அறையில் படுங்கள்’ என்று சொல்வது இந்த வீட்டில் லவுஞ்ச் சோபாவில் படுங்கள் என்று சொல்வதுதான்.

அவர் ஊரில் இருப்பது வாரத்தில் மூன்று, நான்கு இரவு. குறட்டை பல ஆண்டுப் பழக்கம். கடைசி இரண்டு ஆண்டில் அது நடுவில் நின்று நின்று வர ஆரம்பித்தது. உரத்த சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு தொண்டையில் ஏதோ பிடுங்கியது போல ஒரு இழுப்பு. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் மனைவி கை நீட்டி அவர் மார்பைத் தொட்டுப் பார்ப்பார். “ஏங்க, ஏங்க” என்று உலுக்குவார். காலையில் சொன்னால், “நான் நல்லாத்தான் தூங்குறேன், உனக்குத்தான் தூக்கம் வராத வியாதி” என்பார் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தடையும் முடியும்போது மூளை விழிப்பது சில நொடிதான். அது நினைவில் தங்காது.

பார்மசி அலமாரியில் கிடைத்ததை எல்லாம் முதலில் முயன்றார்கள். மூக்கில் ஒட்டும் பட்டை மூக்குத் துவாரத்தை விரிக்கும். இவருடைய அடைப்போ நாக்கின் அடிப்பகுதியிலும் மென்னண்ணத்திலும் (வாய்க்கூரையின் மென்மையான பின்பகுதி). தாடைப்பட்டை வாயை மூடியதே தவிர தொண்டையைத் திறக்கவில்லை. மனைவிக்கு நுரைக் காதடைப்பான் வாங்கினார்கள். சத்தம் குறைந்தது, பயம் கூடியது. பிறகு டாக்டர் மனைவிக்கு ஸோபிக்லோன் என்ற தூக்க மாத்திரை 7.5 மி.கி. எழுதிக்கொடுத்தார். ஒரு வார இறுதியில் கணவரும் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். இதுதான் இந்த நிகழ்விலேயே ஆபத்தான செயல். சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவரிடம் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, மது மூன்றும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தலாம். மூச்சு நின்றதும் மூளை விழித்துக்கொள்வதைத் தாமதப்படுத்தலாம்.

புரட்டாசியில் ஒரு துப்பு கிடைத்தது. இங்கே பல குடும்பங்களைப் போல அந்த மாதம் முழுக்க வீட்டில் இறைச்சியும் இல்லை, பிராண்டியும் இல்லை. குறட்டை பாதியாகக் குறைந்தது. விரதம் நோயைத் தீர்த்துவிட்டது என்று குடும்பம் சந்தோஷப்பட்டது. மனைவி மட்டும் ஒன்றைக் கவனித்தார்: சத்தம் குறைந்தும் நடுவில் நிற்பது நிற்கவில்லை. மது இந்த நோயைப் பெரிதாக்கும். இவருக்கு அதன் வேர் குறுகிய தொண்டை, பருமனான கழுத்து, மல்லாந்த படுக்கை. மாதம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை ப்ராயில் (வெளியில் இறைச்சி சுட்டு உண்ணும் விருந்து) பழைய சத்தம் திரும்பியது.

காவல் எதற்கு உதவும், எதற்கு உதவாது

இந்த மனைவியைப் போல இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். தொண்டை மூடிக்கொண்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டையாக்சைடு ஏறும், மூச்சிழுக்கும் முயற்சி வலுக்கும். அந்த நெருக்கடி மூளையை எழுப்பி, தசையை இறுக்கி, தொண்டையைத் திறக்கும். ஒவ்வொரு தடையையும் முடித்துவைப்பது அவருடைய மூளைதான். மனைவி உலுக்கினாலும் உலுக்காவிட்டாலும் அது நடக்கும். மணிக்கு நாற்பது தடவை வரும் ஒன்றை யாராலும் காவல் காக்க முடியாது. நோயின் கெடுதல் ஆண்டுக்கணக்கில் சேர்வது: பிரஷர், இதயத்துடிப்புக் கோளாறு, பக்கவாதம், பகலில் கண் செருகுவது. அதற்கு வழி சிகிச்சைதான், காவல் அல்ல. ஆகவே மனைவியின் விழிப்பை மூன்று இரவுச் சாட்சியமாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகு அவர் தூங்க வேண்டும்.

அந்தச் சாட்சியத்தை இப்படி எடுத்தார்கள். கணவரிடம் சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. தெரியாமல் எடுத்துக் காட்டினால் சண்டைதான் மிஞ்சும். தலையிலிருந்து ஒரு மீட்டருக்குள் போன், சார்ஜில், ஏரோபிளேன் மோடில், ஒலிப்பதிவு இரவு முழுக்க. படுத்த முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பதிவு செய்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். கனவுத் தூக்கம் விடியற்பக்கம்தான் அதிகம். அந்த நேரத்தில் தசை மிகவும் தளரும், தடையும் நீளும். ஆகவே தூங்கிய இரண்டாம் மணியில் 30 நிமிடம், அதிகாலை 4 மணியை ஒட்டி 30 நிமிடம் கேட்டு, 10 நொடியைத் தாண்டிய நிசப்தங்களை எண்ணினார்கள். முதல் அரைமணியில் 11, இரண்டாவதில் 19. இதோடு இரண்டு நிமிட வீடியோ ஒன்று, பக்கவாட்டிலிருந்து, போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டு. அதில் மூச்சு நின்ற நேரத்தில் வயிறு மேலே எழும்புகிறது, மார்பு உள்ளே குழிகிறது. மறுபடி வயிறு, மறுபடி மார்பு, ஏற்றமிறக்கம் கூடிக்கொண்டே போய் ஒரு பெரும் இழுப்பில் இரண்டும் சேர்ந்து உயர்கின்றன. உடல் மூச்சுக்கு முயல்கிறது, வழி மூடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வீட்டில் கிடைக்காது. மார்பும் வயிறும் இரண்டுமே அசையாமல் இருந்தால் அது மூளையிலிருந்து வரும் வேறு வகை. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பதிவு நோயை உறுதி செய்யாது. பரிசோதனைக்கு அனுப்பவைக்கும், இவரையும் அப்படித்தான் அனுப்பவைத்தது.

எப்வொர்த் தூக்கக் கேள்வித்தாளை இருவரும் தனித்தனியே நிரப்பினார்கள். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். கணவர் தனக்குக் கொடுத்த மதிப்பெண் 6. அவரைப் பற்றி மனைவி கொடுத்தது 15. ஓட்டுநர்கள் குறைத்துச் சொல்வதற்குக் காரணம் புரியக்கூடியதே: தொழில்முறை ஓட்டுநர் அனுமதிக்கு மருத்துவச் சான்று வேண்டும், அனுமதி போனால் சம்பளம் போகும். ஸ்டாப்-பேங் எனும் எட்டு அம்சக் கணக்கில் குறட்டை, களைப்பு, பிறர் கண்ட மூச்சு நிற்றல், பிரஷர், 50க்கு மேல் வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்து, ஆண் என ஏழு வந்தது. எடைக் குறியீடு 34; 35ஐத் தாண்டவில்லை. ஐந்து வந்தாலே இந்த நோய்க்கு அதிக வாய்ப்பு.

பரிசோதனை

வீட்டில் செய்யும் பரிசோதனை ஒரே இரவு. மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பெல்ட், விரலில் ஆக்சிமீட்டர். பதிவு 6 மணி 40 நிமிடம். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து மணிக்கு 46. முப்பதைத் தாண்டினால் கடுமை. மல்லாந்து படுத்தபோது 62, பக்கவாட்டில் 21. ஆக்சிஜன் இறங்கிய அடிமட்டம் 74%. 90%க்குக் கீழே கழிந்த நேரம் 76 நிமிடம். மிக நீண்ட தடை 71 நொடி.

பக்கவாட்டு எண்ணை அறிக்கையில் எல்லாரும் தேடிப் படிக்க வேண்டும். மல்லாந்த எண் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் முதுகில் பந்து தைத்த சட்டை இவருக்கு நிச்சயம் உதவும். ஆனால் பக்கவாட்டிலேயே 21 இருக்கும்போது அது மட்டும் போதாது. பக்கவாட்டில் 5க்குக் கீழே வந்திருந்தால் பேச்சே வேறு. இன்னொன்று: வீட்டுக் கருவி மூளை அலையைப் பார்ப்பதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண் குறைத்தே காட்டும். அறிகுறி இவ்வளவு இருந்தும் அறிக்கை ‘சரியாக இருக்கிறது’ என்று வந்தால் ஆய்வகத்தில் முழுப் பரிசோதனை கேட்க வேண்டும்.

இரவில் மூன்று முறை சிறுநீர் போவதற்கும் விளக்கம் இங்கேதான். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் வெகுவாக இறங்கி இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது.

முதல் வாரம் ஏன் தோற்றது

இந்தக் கடுமைக்கு முதல் சிகிச்சை சீபேப் மெஷின். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்ட முறை. ஈரமான பிளாஸ்டிக் பையின் வாய் ஒட்டிக்கொள்வது போல ஒட்டும் தொண்டையை, மாஸ்க் வழியே அனுப்பும் காற்றழுத்தத்தால் திறந்தபடி தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) பணம் தருமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பரிசோதனை அறிக்கையும் டாக்டரின் பரிந்துரைக் கடிதமும் முன் அனுமதியும் இல்லாமல் மெஷினை வாங்கிவிட்டுப் பிறகு பில் அனுப்பினால் பெரும்பாலும் மறுப்புதான் வரும். பழைய மெஷினை யாரிடமாவது வாங்குவதானால் மாடல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைவதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெஷின்கள் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

மெஷின் வந்தபடியே 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் என்ற திறந்த எல்லையில் ஓடியது. முதல் வாரச் சராசரி: 1 மணி 50 நிமிடப் பயன்பாடு, நிமிடத்துக்கு 38 லிட்டர் லீக், மெஷின் ஓடியும் வந்த மிச்சத் தடை மணிக்கு 17. நான்கில் தொடங்கும்போது இவ்வளவு பெரிய உடம்புக்குக் காற்றே போதவில்லை; மூச்சு முட்டியது. தானியங்கி மெஷின் தடை வந்த பிறகுதான் அழுத்தத்தை ஏற்றும், ஆகவே அடிமட்டம் தாழ்வாக இருந்தால் எப்போதும் பின்தங்கியே ஓடும். குறைந்தபட்சம் 7, அதிகபட்சம் 15, படுத்ததும் தொடக்கத்தில் மட்டும் 6 என்று மருத்துவர் மாற்றியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. 95 சதவீத நேரம் தேவைப்பட்ட அழுத்தம் 11.6க்குள் அடங்கியது.

மீதிச் சிக்கல் மாஸ்க்கில். மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சிறிய வகையைத் தேர்ந்திருந்தார். அடர்ந்த மீசை அதைச் சரியாக ஒட்டவிடவில்லை. லீக்கை நிறுத்தப் பட்டையை இறுக்க, காது மேல் தழும்பு. மூக்கை முழுதாக மூடும் வகைக்கு மாறினார். மாஸ்க்கை உட்கார்ந்தபடி பொருத்துவது பலரும் செய்யும் தவறு. படுத்து, மெஷினை ஓடவிட்டு, முகச்சதை சரிந்த நிலையில் பொருத்த வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இரவு விளக்கேற்றிப் பூசிய திருநீறும் தலையில் தேய்த்த எண்ணெயும் முகத்தில் இருந்தால் சிலிகான் வழுக்கும், சீக்கிரமே விறைத்தும் போகும். படுக்கும் முன் முகத்தைச் சோப்பால் கழுவித் துடைத்ததில் மட்டும் லீக் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

வாய் வறண்டது அடுத்த புகார். டர்பன் ஈரப்பதத்தில் சுவர்ப் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் மூக்கை அடைத்துவைக்கும். மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் காற்று வெளியே ஓடும். வாயில் டேப் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து. உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தொடர்ந்து மூன்று வாரம் போட்ட பிறகே வாய் மூடியது. அப்படியும் மூடாதவர்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். இங்கே குளிர்காலமான ஜூலையில் ட்யூபுக்குள் நீர் சேர்ந்து கடகடவென்று சத்தம் வந்தது: ஈரப்பத அளவை ஒரு படி இறக்கி, ட்யூபைப் போர்வைக்கு அடியில் விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்ததும் நின்றது. தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர், காலையில் கொட்டிவிட வேண்டும். மாஸ்க்கின் மெத்தைப் பகுதி தினமும், ட்யூப் வாரம் ஒருமுறை, மிதமான சோப்பு நீரில். டெட்டால், ப்ளீச் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. பில்டரை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கும் காலத்தில் இரண்டு வாரத்திலேயே கறுத்துவிடும்.

மின்சாரம் இந்த ஊரின் தனிப் பாடம். லோட் ஷெட்டிங் 2023இல் உச்சத்தில் இருந்து, 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் ஓய்ந்தது. கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பும் ஓயவில்லை. வைஃபை ரூட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் இதற்கு உதவாது. பல மெஷின்கள் 24 வோல்ட் கேட்கும். 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 256 வாட்-மணி இருக்கிறது. ஹியூமிடிஃபயரை அணைத்துவிட்டு, மெஷினுக்குரிய டிசி கன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் 20 வாட் வீதம் ஏழு மணிக்கு 140 வாட்-மணி. ஒரு இரவு தாராளமாக ஓடும். ஹியூமிடிஃபயரும் சூடான ட்யூபும் சேர்ந்தால் 55 வாட், ஏழு மணிக்கு 385. விடியும் முன்பே நின்றுவிடும். காரிலிருந்து கழற்றிய பேட்டரியைப் படுக்கையறையில் வைத்து சார்ஜ் செய்யக் கூடாது, ஹைட்ரஜன் வெளிவரும். லாரிக் கேபினிலும் இதே கவனம் வேண்டும். லாரி பேட்டரி 24 வோல்ட்தானே என்று நேரடியாக ஒயர் இழுத்தால், என்ஜின் ஓடும்போது 28 வோல்ட் ஏறும். மெஷினைத் தயாரித்த நிறுவனம் தரும் கன்வெர்ட்டர் மட்டுமே.

வேலையும் சாலையும்

சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு வாகன விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. வான் ரீனன் கணவாயின் இறக்கத்தில் சுமையேற்றிய லாரியில் நான்கு நொடி கண் செருகினால் என்ன ஆகும் என்பதை என்3இல் ஓட்டும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கை வந்த அன்றே டாக்டர் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். இந்த நிறுத்தத்தைப் பேரம் பேசக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நிறுவனத்திடம் மறைக்காமல் டாக்டர் கடிதத்தோடு பேசியதில் நான்கு வாரம் கிடங்கில் சரக்குக் கணக்கு வேலை கிடைத்தது. உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவரை நீக்குவதற்கு முன் மாற்று ஏற்பாட்டை ஆராய வேண்டும் என்பதே 1995ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தை ஒட்டிய நடைமுறை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசப் போவது நல்லது. நான்காம் வார முடிவில் மெஷினின் பதிவு: இரவுக்கு 5 மணி 20 நிமிடம், லீக் 9 லிட்டர், மிச்சத் தடை 4.1. வழக்கமாகக் கேட்கப்படும் அளவு, 70% இரவுகளில் 4 மணி நேரம். மனைவி கொடுத்த எப்வொர்த் மதிப்பெண் 7. அதன் பிறகே அவர் வண்டியில் ஏறினார்.

பிரஷர் இதனால் மாயமாக இறங்காது. சராசரியாக இரண்டு, மூன்று புள்ளிகள்தான். மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம் சற்றுக் கூடுதல். 2016இல் வெளிவந்த ‘சேவ்’ ஆய்வில் இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோயுள்ளவர்கள் சராசரியாக 3.3 மணி நேரமே மெஷினைப் போட்டார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பாதி இரவு போடுவதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது. எடை 10% குறைந்தால் தடை ஏறத்தாழ 26% குறையும் என்று விஸ்கான்சின் ஆய்வு 2000இல் கணித்தது. இவரைப் போல 46இல் இருப்பவருக்கு அது மெஷினைக் கழற்றிவைக்கப் போதாது. எடை மாறினால் அழுத்தத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். கீழ்த்தாடையை முன்னே இழுக்கும் பல் கருவி மிதமான நோய்க்கும் மெஷினே ஒத்துவராதவருக்கும் நல்ல வழி, கடிக்கப் போதுமான பல் இருந்தால்.

மனைவியின் தூக்கம்

மேயோ கிளினிக் 1999இல் 10 தம்பதிகளிடம் செய்த சிறிய ஆய்வில், கணவருக்கு சீபேப் போட்டதும் மனைவி படுக்கையில் இருந்த நேரத்தில் உண்மையில் தூங்கிய பங்கு 74%இலிருந்து 87%க்கு உயர்ந்தது. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 62 நிமிடம் கூடுதல். பரிசோதனைக்கும் மெஷினுக்கும் காத்திருந்த வாரங்களில் இந்த வீட்டில் செய்தவை சில. மனைவி 45 நிமிடம் முன்பே படுத்தார். கணவருக்கு இடுப்பிலிருந்து தலைவரை சாய்ந்து உயரும் ஆப்பு மெத்தை, மேல் விளிம்பு 20 செ.மீ.; தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி மூச்சுவழி இன்னும் குறுகும். பிராண்டி மாலை ஆறுக்குப் பிறகு இல்லை. காதடைப்பானை ஒல்லியாக உருட்டி, மறுகையால் காதைப் பின்னோக்கி மேலே இழுத்து, நுழைத்து, விரியும்வரை 30 நொடி அழுத்திப் பிடித்தால்தான் பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் குறையும். மெஷின் வந்த பிறகு அதன் 27 டெசிபல் சத்தம் தொந்தரவு தரவில்லை. மாஸ்க்கின் துவாரத்திலிருந்து வரும் குளிர்காற்று முகத்தில் அடித்ததுதான் தொந்தரவு. காற்றைச் சிதறடிக்கும் துவாரம் உள்ள மாடலுக்கு மாறியதில் அது தீர்ந்தது.

குறட்டை நின்ற பிறகும் மனைவிக்கு 2 மணிக்கு விழிப்பு வந்தது, கணவர் லாரியில் இருக்கும் இரவுகளிலும். இரண்டு ஆண்டுக் காவலில் உடல் கற்றுக்கொண்ட தூக்கமின்மை அது. தனியாகச் சிகிச்சை வேண்டும், தானாகப் போகாது. ஸோபிக்லோனை டாக்டர் சொன்னபடி 3.75 மி.கி.க்கு இரண்டு வாரம் இறக்கிப் பிறகு நிறுத்தினார். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி தூங்கியவர், படுக்கும் நேரத்தை 11:30 முதல் 5:30 வரை என்று ஆறு மணிக்குச் சுருக்கினார். படுத்த நேரத்தில் 85%க்கு மேல் தூங்கிய வாரம் முடிந்ததும் 15 நிமிடம் கூட்டினார். ஏறத்தாழ 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து லவுஞ்சில் உட்கார வேண்டும், மணி பார்க்கக் கூடாது, கணவருடைய மூச்சைச் சோதிக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கடும் தூக்கம் வரும் என்பதால் அவரும் காரை எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் கணவரின் பதிவு 6 மணி 5 நிமிடம், மிச்சத் தடை 2.8, மனைவியின் தூக்கம் 6 மணி 40 நிமிடம். வாரத்தில் ஓரிரு இரவு 2 மணி விழிப்பு இன்னும் இருக்கிறது. படுக்கை நேரத்தைக் கூட்டுவதை அந்த அளவிலேயே நிறுத்திவைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க முடிவாகியிருக்கிறது.